பாட்டுக்குத் தாள் கேட்டவர்

1902ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. 'கூஸ்லி' என்பது அதன் பெயர். மடியில் கிடத்தி நரம்புகளை விரல்களால் மீட்டும் பழைய ரஷ்ய இசைக்கருவிக்கு அப்பெயர் வழங்கும். நம் யாழுக்கு உறவு சொல்லத்தக்க கருவி அது. நூலில் இருந்தவை புரோட்டஸ்டண்ட் கிறித்தவர்களின் வழிபாட்டுப் பாடல்கள். அத்தகைய பாடல்களை ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடிப் பாடினாலும் காவலர் கதவைத் தட்டிய காலம் அது. தட்டிய காவலர் உள்நாட்டு அமைச்சகத்தின் கீழ்ப் பணியாற்றியவர். 'கூஸ்லி' அச்சானதும் அதே உள்நாட்டு அமைச்சகத்தின் அச்சுக்கூடத்தில்தான். இந்த விந்தையை நிகழ்த்திக் காட்டியவர் முப்பத்து மூன்று வயதுப் பொறியாளர் ஒருவர். அவர் பெயர் இவான் ஸ்தெபானவிச் புரோகானவ்.

ரஷ்யக் கவிதை வரலாறுகளைப் புரட்டினால் இப்பெயர் தென்படுவது அரிது. அவர் வாழ்ந்த அதே நகரில், அதே ஆண்டுகளில் அலெக்சாந்தர் பிளோக் எழுதிக்கொண்டிருந்தார். அன்னா அக்மாத்தவா எழுதத் தொடங்கினார். அவர்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசத்தக்க கவித்திறன் புரோகானவுக்கு இருந்ததாகக் கூற இயலாது. ஆயினும் அவர் ஆக்கியவை 1037 பாடல்கள். அவற்றுள் 624 சொந்தப் பாடல்கள், 413 மொழிபெயர்ப்புகள். எழுத்தறியாத உழவரும் தையல்காரரும் அவற்றை மனப்பாடமாய்ப் பாடினர். இத்தனை பாடல்களுக்கும் தாள் வேண்டியிருந்தது. அந்நாட்டில் தாளும் அச்சும் ஜார் காலத்திலும் அரசின் கையில், ஜாருக்குப் பின்னரும் அரசின் கையில். தாளைக் கேட்டுப் பெறுவதற்கு அவர் கொடுத்த விலையே அவர் வாழ்க்கைக் கதையின் கரு.

காக்கசஸ் மலையடிவாரத்தில், தேரெக் ஆற்றங்கரையில் உள்ள விளாதிகவ்காஸ் நகரில் 1869ஆம் ஆண்டு அவர் பிறந்தார். குடும்பம் மொலோக்கன் பிரிவைச் சேர்ந்தது. 'மொலொக்கோ' என்றால் ரஷ்ய மொழியில் பால். திருச்சபை விதித்த நோன்பு நாள்களிலும் பால் அருந்தியதால் பிறர் ஏளனமாய் இட்ட பெயரே 'பால்குடியர்' என்பது. படங்களை வணங்காமல், குருமாரை ஏற்காமல், திருமறையை மட்டும் கையில் கொண்டு வாழ்ந்த குடியானவர் கூட்டம் அது. ஜார் அரசு இவர்களைப் பேரரசின் ஓரங்களுக்குத் தள்ளிற்று. தள்ளப்பட்ட இடங்களில் உழைத்து நிலைபெற்றனர். அவர்கள் வழிபாட்டில் கருவியிசை இல்லை. திருமறை வசனங்களையே நீட்டிப் பாடுவர். குழந்தைப் பருவத்தில் புரோகானவின் செவியில் விழுந்த முதல் இசை அதுவே.

இளமையில் அவரை ஒரு பெருஞ்சோர்வு பற்றியது. ஜெர்மானியத் துன்பியல் தத்துவ நூல்களைப் படித்து, வாழ்வதில் பொருளில்லை என்ற முடிவின் விளிம்புவரை சென்றவர் அவர். அதிலிருந்து மீண்டு, 1887-இல், தம் பதினெட்டாம் வயதை எட்டும் முன்னரே, தேரெக் ஆற்றில் திருமுழுக்குப் பெற்று பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். பின்னாளில் தம் மக்களின் பாடல்களில் சோகமே மிகுந்திருப்பதைக் குறையாகக் கண்டு, விடியல், கதிரவன், இளமை, மகிழ்ச்சி என்று ஓயாமல் அவர் எழுதியதற்கு இந்த இருட்டும் ஒரு காரணமாகலாம்.

1888-இல் பீட்டர்ஸ்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஒரு மறைவு இதழைத் தொடங்கினார். 'பெசேதா', அதாவது 'உரையாடல்', என்பது அதன் பெயர். மையூறிய கூழ்ப்பலகையில் படியெடுத்து, உறையிட்டு, அஞ்சலில் அனுப்புவார்கள். கையெழுத்து இதழ் நடத்தி வளர்ந்த தமிழ் எழுத்தாளர்களுக்கு அந்த விரல்கறை புரியும். பிடிபட்டால் சிறை என்பது மட்டுமே வேறுபாடு. 1894ஆம் ஆண்டு ஜார் அரசு 'ஸ்துந்தியர்' எனப்பட்ட புரோட்டஸ்டண்ட் உழவர்களைச் சிறப்பாகக் கேடு விளைவிக்கும் பிரிவினர் என அறிவித்து, அவர்கள் கூட்டங்களைத் தடை செய்தது. புரோகானவின் தந்தையும் காக்கசஸ் மலைகளுக்கு அப்பால் கடத்தப்பட்டார்.

அதே 1894-இல் கிரீமியாவில் புரோகானவ் ஒரு சிறு கூட்டுப் பண்ணை அமைத்தார். ஆதிக் கிறித்தவரைப் போல் உடைமைகளைப் பொதுவாக்கி, சேர்ந்து உழைத்து, சேர்ந்து உண்ணும் வாழ்க்கை. அப்பண்ணையில் சேர்ந்தவர்களுள் ஒருவர் ஜினைதா நெக்ராசவா. உழவரின் துயரைப் பாடிய பெருங்கவிஞர் நிக்கலாய் நெக்ராசவின் மனைவி அவர், அப்போது கைம்பெண். பொதுவுடைமை என்னும் சொல் ஒரு கட்சியின் கொடியில் ஏறி ஆட்சியாவதற்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முன்னரே, ஒரு பாடலாசிரியரும் ஒரு கவிஞரின் துணைவியும் அதை ஓர் அவரைத் தோட்ட அளவில் பயின்று பார்த்தனர் எனலாம். பண்ணை நெடுநாள் நிலைக்கவில்லை. காவலர் தேடவே, 1895-இல் பின்லாந்து வழியாக அவர் நாட்டைவிட்டுத் தப்பினார்.

ஸ்டாக்ஹோமிலிருந்து 'பெசேதா'வை நடத்தினார். இங்கிலாந்தில் பிரிஸ்டலிலும் லண்டனிலும், பிறகு பெர்லினிலும் பாரிசிலும் இறையியல் பயின்றார். 1898-இல் ஆயுதம் ஏந்த மறுத்ததால் துரத்தப்பட்ட துகபோர் மக்கள் சைப்ரஸ் தீவில் வந்து இறங்கியபோது, அவர்களுக்குத் தொண்டு செய்யச் சென்று தாமும் நோயுற்றார். ஏறக்குறைய அதே காலத்தில், 1899-இல், துகபோர் மக்களின் மற்றொரு பகுதியினரோடு கப்பலேறிக் கனடா சென்றார் இன்னோர் ரஷ்ய இளைஞர். அவர் விளாதிமிர் போஞ்ச்-புருயேவிச், மார்க்சியர். ஏட்டில் எழுதப்படாது வாய்மொழியாகவே வழங்கிய துகபோர் பாடல்களைக் கேட்டெழுதி நூலாக்கியவர். பின்னாளில் லெனினின் அலுவலகத்தை நிர்வகித்தவரும் அவரே. சமயத்தால் ஒடுக்கப்பட்ட ஒரே மக்களிடம், ஒருவர் சமயப் பற்றோடும் மற்றவர் புரட்சிப் பற்றோடும் சென்றனர் என்பதை மறக்காதிருந்தால், அடுத்து வரும் கதை எளிதில் விளங்கும்.

நாடு திரும்பிய புரோகானவ் ரீகாவில் ஆசிரியப் பணி ஏற்று, சமயம் காரணமாக அதை இழந்து, 1901-இல் பீட்டர்ஸ்பர்க் வந்து வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பொறியாளரானார். பகலில் அலுவலகம், இரவில் பாடல். மறு ஆண்டு 'கூஸ்லி'. 1905-இல் ஜார் வேறு வழியின்றிச் சமயப் பொறுமை ஆணையை வெளியிட்டதும் கதவு சற்றே திறந்தது. 1906-இல் 'ஹிரிஸ்தியானின்' (கிறித்தவன்) என்ற மாத இதழ். 1909-இல் அனைத்து ரஷ்யச் சுவிசேஷக் கிறித்தவர் ஒன்றியத்தின் முதல் மாநாடு. 1911-இல் உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பின் துணைத்தலைவர் பதவி. 1913-இல் திருமறைக் கல்லூரி. 1914-இல் போர் மூண்டது, கல்லூரியும் மூடிற்று. இவ்வாண்டுகளை விரித்தெழுத வேண்டியதில்லை. அமைப்புகள் கட்டுவதில் வல்லவர் என்பது இவற்றால் தெரியும், அவ்வளவே.

1917-இல் பிப்ரவரிப் புரட்சி வந்தபோது 'உயிர்ப்பு' என்ற பெயரில் ஒரு கிறித்தவ ஜனநாயகக் கட்சியைக்கூட அவர் தொடங்கினார். அவ்வாண்டே அக்டோபர் புரட்சி நிகழ்ந்தது, கட்சி மறைந்தது. அவர் மறையவில்லை.

பொதுவுடைமை அரசும் சமயமும் என்றாலே முதல்நாள் முதல் பகை என்று எண்ணுவோர் பலர். புரோட்டஸ்டண்ட் சபைகளைப் பொறுத்தமட்டில் உண்மை அப்படி இல்லை. ஜாரால் ஒடுக்கப்பட்ட சமயப் பிரிவினரைப் புரட்சிக்கு நட்பாக்க வேண்டும் என்று லெனினின் கட்சி 1903ஆம் ஆண்டு மாநாட்டிலேயே தீர்மானித்திருந்தது. அவர்களுக்கென்றே 1904-இல் ஜெனீவாவிலிருந்து ஓர் இதழும் வந்தது. அதன் ஆசிரியர் போஞ்ச்-புருயேவிச். 1918 தொடக்கத்தில் அரசையும் திருச்சபையையும் பிரித்த ஆணை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நிலங்களையும் கருவூலங்களையும் பறித்தது. பறிக்கத்தக்க நிலமே இல்லாதவர்க்கு அது விடுதலையாகவே தோன்றிற்று. 1919 ஜனவரி 4 அன்று, மனச்சான்று காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்போர் நீதிமன்றத்தை நாடி விலக்குப் பெறலாம் என்ற ஆணையில் லெனின் கையொப்பமிட்டார். உள்நாட்டுப் போர் நடுவே இப்படி ஒரு சட்டம் இயற்றிய அரசு வேறு எது என்று தேடத்தான் வேண்டும். 1921 அக்டோபரில், தரிசு நிலங்களில் வந்து குடியேறுங்கள் என்று வேளாண் துறையே சமயப் பிரிவினரை அழைத்தது.

அழைப்பை அவர்கள் ஏற்றனர். திவேர் வட்டாரத்தில் 'பெத்தானியா' என்ற பெயரில் சுவிசேஷக் கிறித்தவர்களின் கூட்டுப் பண்ணை உருவாயிற்று. குடிப்பழக்கம் இல்லை, வேலையில் ஏய்ப்பு இல்லை. அதிகாரிகளே புகழ்ந்த பண்ணைகள் அவற்றுள் இருந்தன. புகழ்ச்சியின் அடியில் ஓர் அச்சம் ஓடியது. கட்சி சொல்லிச் செய்யவேண்டியதைக் கடவுள் பெயர் சொல்லிச் செய்கிறவர்களை என்ன செய்வது?

அச்சம் வெளிப்பட நாளாகவில்லை. 1921 மே மாதம் திவேர் நகரில் கிறித்தவ இளைஞர் மாநாடு நடந்தபோது புரோகானவும் இளைஞர்களும் கூண்டோடு கைதாயினர். சில மாதங்கள் சிறை. வெளியே வந்தவர் உடனே எழுதவும் பயணம் செய்யவும் தொடங்கினார். 1922-இல் ஆர்த்தடாக்ஸ் தலைமைக் குருவான தீகனைக் காவலில் வைத்து, அத்திருச்சபைக்குள் எழுந்த சீர்திருத்தப் பிரிவை அரசு ஊக்குவித்தது. அப்பிரிவினர்க்குப் புரோகானவ் 'சுவிசேஷ அழைப்பு' என்னும் மடலை விடுத்தார். அவர்கள் கோயில்களிலே அவர் பேசவும் நேர்ந்தது. ரஷ்யாவின் சமய வசந்தம் வந்துவிட்டது என்று அவர் நம்பினார். தம்மைப் பேச விட்ட கை மற்றொருவர் வாயைப் பொத்திய கை என்பதை அவர் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தம் மக்களை ஒடுக்கிய திருச்சபையிடம் அவர் இரக்கம் காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகலாம். என்றாலும் ஒரு கவிஞரிடம் அந்த மிகையை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அவ்வாண்டு 'கிழக்கிலிருந்து ஒரு குரல்' என்ற அறிக்கை ஒன்றும் அவர் ஒன்றியத்திலிருந்து வெளிவந்தது. உலகக் கிறித்தவர்கள் இனிப் போரில் பங்கு கொள்ளலாகாது என்பது அதன் சாரம். செஞ்சேனையை வளர்த்துக்கொண்டிருந்த அரசுக்கு அது இனிக்கவில்லை. 1923 ஏப்ரலில் அவர் கைதாகி, மாஸ்கோவின் லுபியான்கா சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

லுபியான்காவில் நடந்ததே அவர் வாழ்வின் மையம். அடியோ உதையோ இல்லாத பேரம் அது. பாதுகாப்புத் துறையில் சமய விவகாரங்களைக் கவனித்தவர் துச்கோவ் என்னும் அதிகாரி. அவர் கேட்டது ஒரு கடிதம்: சோவியத் ஆட்சியை மனமார ஏற்பதாகவும், படைத்துறைப் பணி உள்ளிட்ட குடிமைக் கடமைகள் அனைத்தையும் தம் சபையினர் ஆற்றவேண்டும் என்றும் ஒன்றியம் அறிவிக்கவேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதம் தலைமைக் குரு தீகனிடமிருந்தும் இதே வகையில் ஒரு பணிவுரை பெறப்பட்டு அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டு சமயத்தார்க்கும் ஒரே அச்சு, ஒரே வார்ப்பு. சில மாதங்களுக்குப் பின் புரோகானவ் கையொப்பமிட்டார். அறிக்கை 'இஸ்வெஸ்தியா' நாளிதழில் வெளிவந்தது.

அக்கையொப்பத்தின் பொருள் என்ன என்பதைச் சட்டத்தின் நடைமுறை அறிந்தால்தான் உணர முடியும். 1919 ஆணையின்படி ஆயுதம் ஏந்த மறுக்கும் இளைஞன் நீதிமன்றத்தில் நிற்கும்போது, உன் சமயம் மெய்யாகவே படைப்பணியைத் தடுக்கிறதா என்று கேட்பார்கள். ஆம் என்பதற்கு அவன் சபையின் கொள்கையே சான்று. இப்போது அவன் சபைத் தலைமையே தடையில்லை என்று நாளிதழில் எழுதிவிட்டது. சான்று பிடுங்கப்பட்டது. நேற்றுவரை நம்பிக்கையாளனாக நின்றவன் இன்று வெறும் கட்டளை மீறியவன். தலைவர் சிறையிலிருந்து வெளியே வந்த வாயில் வழியாகவே தொண்டர் சிலர் உள்ளே போகவேண்டியிருந்தது.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பெத்ரோகிராதில் ஒன்றியத்தின் மாநாடு கூடிற்று. வாதம் கடுமையாக இருந்தது. இறுதியில் பெரும்பான்மையினர் அறிக்கையை ஏற்றனர். ஏற்காத சபைகள் பல பிரிந்தன. அண்டைச் சபையினரான பாப்டிஸ்ட்டுகள் தொடக்கத்தில் அவரைப் பழித்தனர். பின்னர் அவர்கள் தலைமையும் அதே நெருக்கடிக்கு ஆளாகி அதே பாதையில் நடந்தது. அரசு விரும்பியதும் அதுவே. படைத்துறைக்குக் கிடைத்த சில ஆயிரம் இளைஞர்களைவிட, உடைந்துபோன சபைகளே துச்கோவின் துறைக்குப் பெரிய ஆதாயம்.

புரோகானவைக் கோழை என்று கூறிவிடுவது எளிது. இரண்டு ஆட்சிகளின் சிறைகளுக்கும் துரத்தலுக்கும் அஞ்சாதவர்க்கு அச்சொல் பொருந்தாது. ஆயிரக்கணக்கான சபைகள், ஒரு கல்லூரி, ஓர் இதழ், அச்சேறாத நூற்றுக்கணக்கான பாடல்கள் ஆகியவற்றை ஒரு தட்டிலும், ஆயுதம் ஏந்தாமை என்னும் ஒரு கொள்கையை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு முதல் தட்டு கனமாகப் பட்டது. துகபோர் மக்களுக்காகச் சைப்ரஸில் நோயுற்றுக் கிடந்த இளைஞர் புரோகானவுக்கு எந்தத் தட்டு கனத்திருக்கும் என்ற கேள்வியை மட்டும் தவிர்க்க முடிவதில்லை.

விலைக்குரிய பண்டம் வந்து சேர்ந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் அவருக்குக் கிடைத்தது போன்ற உரிமை அந்நாட்டில் வேறு சமயத் தலைவர் எவருக்கும் கிடைத்ததாகக் கூறுவது கடினம். 1924-இல் பிராகா நகருக்குச் சென்று, யான் ஹூஸ் என்னும் தியாகியின் மரபினரிடம் குருத்துவ அபிடேகம் பெற்று வந்தார். லெனின்கிராதில் திருமறைப் பயிற்சி வகுப்புகள் மீண்டும் நடந்தன. நூற்றுக்கணக்கானோர் பயின்று ஊர்களுக்குத் திரும்பினர். 'கிறித்தவன்' மாதந்தோறும் வந்தது. அமெரிக்கா சென்று பொருள் திரட்டி வந்து, நாத்திக அரசின் அச்சகங்களிலேயே திருமறையை அச்சிட்டார். உள்நாட்டு அமைச்சகத்தின் அச்சுக்கூடத்தை வசப்படுத்திய அதே பொறியாளர்தான். பாடல் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. 'தாளங்கள்', 'விடியல்', 'தாவீதின் புல்லாங்குழல்' என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள். இருபதுகளின் இறுதியில் பத்துத் தொகுதிகளும் இசைக்குறியோடு ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன.

அப்பாடல்களின் இயல்பு பற்றிச் சில சொல்லவேண்டும். நான்கடிச் செய்யுள், எளிய எதுகை, ஒருமுறை கேட்டால் நாவில் நிற்கும் சந்தம். சொல்லில் புதுமை குறைவு. திருமறைச் சொற்களே மீண்டும் மீண்டும் வரும். சில ஒரே நாள் மாலையில் எழுதப்பட்டவை போலத்தான் இருக்கின்றன. கூட்டமாகப் பாடுவதற்கென்று எழுதுகிறவர் தம் தனிக்குரலை மறைத்துக்கொள்ள வேண்டும். பாடுகிற ஒவ்வொருவரும் அதைத் தம் குரலென்று எண்ணவேண்டும். அந்தத் துறவு அவருக்குக் கைவந்தது. அக்காலப் புரட்சிக் கவிஞர்களும் விடியல் என்றனர், கதிரவன் என்றனர், புதிய மனிதன் என்றனர். ஒரே தெருவின் ஒரு முனையிலிருந்து இளம் பொதுவுடைமையர் பாடி வர, மறுமுனையிலிருந்து கிறித்தவ இளைஞர் பாடி வந்தால், தொலைவில் நிற்பவர்க்குச் சொற்களில் பாதி ஒன்றாகவே கேட்டிருக்கும். கட்சியின் இளைஞர் அணியான 'கொம்சொமோல்' என்ற பெயரைப் போலவே கிறித்தவ இளைஞர் குழுக்களுக்கு 'ஹிரிஸ்தொமோல்' என்று பெயர் வழங்கலாயிற்று. ஊர்ப்புறங்களில் அவை தம் அணிக்குப் போட்டியாக வளர்வதைக் கட்சித் தலைவர்கள் மேடைகளில் கவலையோடு பேசினர்.

கனவு உச்சமடைந்தது 1927-இல். சைபீரியாவின் அல்த்தாய்ப் பகுதியில் பீயா, கத்தூன் என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஓப் ஆறாகின்றன. அந்தக் கூடலில் ஒரு நகரம் எழுப்ப அவர் திட்டமிட்டார். பெயர் 'எவாங்கெல்ஸ்க்', சுவிசேஷ நகர். கதிரவன் நகர் என்றும் சொன்னார். நடுவே வட்டமான பெருந்திடல், அதிலிருந்து கதிர்கள் போல் நாற்புறமும் விரியும் சாலைகள், சோலைகளுக்கிடையே வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள். பொறியாளரும் பாடலாசிரியரும் ஓருடலில் இருந்ததால் மட்டுமே பிறக்கக்கூடிய வரைபடம். இத்தாலியத் துறவி கம்பனெல்லாவின் 'கதிரவன் நகர'த்தை லெனினும் விரும்பினார். 1918-இல் தெருக்களில் சிலைகளும் பொறிப்புகளும் வைக்கும் திட்டத்துக்கு அந்நூலே தூண்டுதல். ஒரே பழைய கனவிலிருந்து இரண்டு பேர் இரண்டு நகரங்களைக் கண்டனர். 1927 செப்டம்பர் 11 அன்று அல்த்தாய்க்கு நேரில் சென்று, ஆறுகள் கூடுமிடத்தில் அவர் ஓக் மரக்கன்றுகள் நட்டார்.

கன்றுகள் ஒரு குளிர்காலத்தைக் கடக்கும் முன்னரே மாஸ்கோவின் மனம் மாறிவிட்டது. லெனின் மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டாலின் கட்சியைத் தம் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார். உழவர் நிலங்களை அரசுக் கூட்டுப் பண்ணைகளாக்கும் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது, உழவர் தாமாகவே அமைத்த கூட்டுப் பண்ணைகளுக்கு இடமில்லை. 1928-இல் நகரத் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டே 'கிறித்தவன்' இதழும் நின்றது. டொரண்டோவில் நடந்த உலக பாப்டிஸ்ட் மாநாட்டுக்கென 1928-இல் புறப்பட்ட புரோகானவ் பிறகு தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை.

1929 ஏப்ரல் 8 அன்று சமயச் சங்கங்கள் பற்றிய புதிய சட்டம் வெளிவந்தது. வழிபாட்டு வீட்டுக்குள் வழிபடலாம், அவ்வளவுதான். அதன் பதினேழாம் பிரிவு சமயச் சங்கங்களுக்கு விலக்கியவற்றை அடுக்கிச் சொல்கிறது: உதவி நிதி கூடாது, குழந்தைகள், இளைஞர், பெண்கள் ஆகியோர்க்கெனத் தனிக் கூட்டம் கூடாது, திருமறைக் குழு, தையல் குழு, நூலகம், படிப்பகம், மருத்துவ உதவி எதுவும் கூடாது. அந்தப் பட்டியலில் இலக்கிய வட்டமும் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. சட்டம் வரைந்தவர்கள் தையலையும் இலக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்ததில் ஒரு கூர்மை உண்டு. மனிதர் கூடி அமர்ந்து சொல்லையோ துணியையோ பொறுமையாய்க் கோக்குமிடத்தில் அரசு நுழைய முடியாத ஏதோ ஒன்று உருவாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாதம் அரசியல் சட்டமே திருத்தப்பட்டு, சமயப் பரப்புரை உரிமை நீங்கி, சமய எதிர்ப்புப் பரப்புரை உரிமை மட்டும் நின்றது.

1923-இல் கையொப்பமிட்டு வாங்கியவை யாவும் ஆறே ஆண்டுகளில் போயின. பயிற்சி வகுப்புகள் மூடப்பட்டன. 'பெத்தானியா' கலைக்கப்பட்டது. அங்கே பயின்று சென்ற போதகர் பலர் கைதாகிச் சைபீரியாவுக்குப் போயினர். கதிரவன் நகர் எழவேண்டிய அதே சைபீரியா.

புரோகானவ் அமெரிக்காவிலும் பின்னர் ஜெர்மனியிலும் இருந்துகொண்டு, சிறைப்பட்டோர் குடும்பங்களுக்காகப் பொருள் திரட்டியும் ரஷ்ய அகதிகளிடையே பேசியும் வந்தார். 1933-இல் அவர் தன்வரலாறு ஆங்கிலத்தில் நியூயார்க்கில் வெளியாயிற்று. ரஷ்யாவைக் கொதிகலனாக உருவகித்த தலைப்பு அதற்கு. மனைவி அன்னா 1919-லேயே, உள்நாட்டுப் போர்க் காலத்தில், இறந்துவிட்டார். 1935 அக்டோபர் 6 அன்று பெர்லினில் புரோகானவ் காலமானார். அப்போது வயது அறுபத்தாறு. ஜாரின் காவலரையும் லுபியான்காவையும் கண்டவர், ஹிட்லரின் தலைநகரில் கண்மூடினார். அதே ஆண்டு ரஷ்யாவில் பாப்டிஸ்ட் ஒன்றியம் கலைந்தது. அவருடைய சொந்த ஒன்றியம் பெயரளவில் மிஞ்சியது. அவருக்குப் பின் அதன் பொறுப்பேற்ற யாக்கவ் ஜித்கவ் 1938-இல் சிறை சென்றார்.

புரோகானவ் வாழ்நாளெல்லாம் விரும்பியும் கைகூடாதது ஒன்றுண்டு: சுவிசேஷக் கிறித்தவரும் பாப்டிஸ்ட்டுகளும் ஒன்றாதல். அதைக் கூட்டிவைத்தது ஸ்டாலின் அரசு. போர் நெருக்கடியில் சமயங்களோடு இணக்கம் தேவைப்பட்டது. 1944 அக்டோபரில் மாஸ்கோவில் இரு சபையினரும் ஒரே ஒன்றியமாயினர். சிறையிலிருந்து மீண்ட ஜித்கவே அதன் தலைவர். தனித்தனியாக இரண்டு கூட்டத்தைக் கண்காணிப்பதைவிட ஒன்றைக் கண்காணிப்பது எளிது என்று அதிகாரிகள் கருதியிருக்கலாம். 1956-இல் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சிட அனுமதி கிடைத்தது. புரோகானவின் பாடல்கள் ஒரு தலைமுறைக்குப் பின் மீண்டும் அச்சைக் கண்டன.

நிகிதா குருசேவ் காலத்தில் மீண்டும் நெருக்கடி. 1960-இல், குழந்தைகளை வழிபாட்டுக்கு அழைத்து வராதீர்கள் என்று சபைகளுக்குச் சுற்றறிக்கை விடுக்கும்படி ஒன்றியத் தலைமை நெருக்கப்பட்டது, அது விடுத்தது. 1961-இல் ஒரு பகுதியினர், அரசு சொல்லி எழுதும் தலைமை எங்களுக்கு வேண்டா என்று பிரிந்து, பதிவு பெறாத சபைகளாய்க் காடுகளிலும் வீடுகளிலும் கூடினர். 1923 மாநாட்டில் முடியாமல் போன வாதம் அது. பேசியவர் மாறினர், பேச்சு மாறவில்லை. இரு தரப்பாரும் பாடியவை மட்டும் புரோகானவின் அதே பாடல்கள். கையொப்பமிட்டவரின் பாட்டைக் கையொப்பமிட மறுத்தவர்கள் பாடினர்.

பதிவு பெற்றவர்க்கே பாட்டுப் புத்தகம் போதவில்லை. பெறாதவர்க்கு ஒரு தாளும் கிடையாது. ஆகவே பள்ளிக் குறிப்பேடுகளில் பாடல்களைக் கையால் எழுதிக்கொண்டனர். பாட்டி எழுதிய ஏட்டைப் பேத்தி படியெடுத்தாள். சோதனையிட வந்தோர் பறித்துச் சென்றவற்றுள் இக்குறிப்பேடுகளும் உண்டு. மனப்பாடமாய் இருந்தவர்கள் உட்கார்ந்து மீண்டும் எழுதினர். பிறகு, வீட்டுப் பொறிகளின் உதிரிகளையும் மிதிவண்டிப் பாகங்களையும் இணைத்துத் தாங்களே அச்சு எந்திரம் செய்தனர். 1971-இல் அந்த மறைவு அச்சகம் தன் இருப்பை வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'கிறித்தவன்'. 1906-இல் புரோகானவ் தம் இதழுக்கு இட்ட அதே பெயர். சந்தையில் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்த தாளில் அது ஓடிற்று. 1974 அக்டோபரில், லாத்வியாவின் லிகுகால்ன்ஸ் என்னும் இடத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குள் அதன் கிளை ஒன்றைக் காவல்துறை கண்டுபிடித்தது. அங்கே பணிசெய்த எழுவர் கைதாயினர். எந்திரத்தோடு, அச்சாகக் காத்திருந்த டன் கணக்கான தாளையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போயினர். பிற இடங்களில் இருந்த எந்திரங்கள் அவ்வாண்டும் ஓடிக்கொண்டிருந்தன.